எங்கள் வீட்டுக் கணப்பு புகையாத காரணம்

கொயாய்க்கே
வியாழன் இரவு

மதிப்புக்கும் அன்புக்கும் உரிய நோல்ஃபா சித்திக்கு, உங்கள் அக்கா மகள் யஸ்னா பணிவோடு எழுதுவது.

சித்தி, முதலில் உங்கள் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதீர்கள். அம்மாவிடம் காட்டாதீர்கள். உங்கள் பாலர் பள்ளி ஆயா இர்மா அக்காவிடம் நிச்சயமாகக் காட்டாதீர்கள், அவரிடம் சொல்வதும் ரேடியோவில் சொல்வதும் ஒன்று. படித்து முடித்ததும் அடுப்பில் போட்டு எரித்துவிடுங்கள். எரிக்கும்போது காற்றை நன்றாகத் திறந்துவிட்டு எரியுங்கள், பாதியில் அவிந்துபோனால் என் கையெழுத்து மிஞ்சிவிடும். விடிவதற்கு முன் உங்கள் கதவுக்கு அடியில் இதைத் தள்ளிவிட்டு ஓடிவந்துவிடுவேன்.

நீங்களும் சித்தப்பாவும் சுகமாக இருக்க வேண்டும். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எங்கள் வீட்டுக்குள் அது உண்மையும்கூட, தம்பி பெனிசியோ இப்போதெல்லாம் இருமுவதே இல்லை. ஆனால் வாசலைத் தாண்டினால் இந்தத் தெருவில் ‘சுகம்’ என்ற ஒரு சொல்லை இருமாமல் சொல்லி முடிக்க ஆள் கிடையாது. அதற்குக் காரணம் அப்பா. அப்பாவுக்குக் காரணம் நான்.

நாளைக் காலை அப்பா உங்கள் பாலர் பள்ளிக் கணப்பைச் சரிசெய்ய வருகிறார் அல்லவா? அவர் அதைத் தொடக் கூடாது, சித்தி. தொட்டால் அத்தனை குழந்தைகளும் மூச்சுக்குத் திணறுவார்கள். இதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள், அதைச் சொல்லப்போனால் அந்த முட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

கணப்பின் முன்பக்கம் காற்றுக்கு ஒரு கைப்பிடி இருக்கிறதே, இழுத்தால் காற்று போகும், தள்ளினால் குறையும். அதை முழுதாகத் தள்ளி மூடிவிடாதபடி உள்ளே ஒரு சின்ன இரும்பு முட்டு வைத்துத்தான் விற்கிறார்கள். ராத்திரி ஈரக் கட்டை ஒன்றை உள்ளே வைத்து, கைப்பிடியைத் தள்ளி, தீயைத் தூங்கவைத்துவிட்டுப் படுப்பதுதானே இந்த ஊரில் எல்லோருக்கும் பழக்கம், காலையில் கிளறினால் கங்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு ஆண்பிள்ளைக்கு மரியாதை இல்லை. அப்பாவுக்கு அந்த முட்டின்மேல் தீராத கோபம். “வெறகு சீக்கிரம் தீரட்டும்னு அடுப்புக் கம்பெனிக்காரனும் வெறகுக்காரனும் கூடிப் பேசி வெச்சது இது” என்று சொல்லிச் சொல்லி, குளிர் தொடங்கிய வாரத்தில் ஒருநாள் ரம்பத்தை எடுத்து அதை அறுத்தே போட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுத் தீ நன்றாகத் தூங்கியது. தூங்கவில்லை சித்தி, மூச்சு முட்டிக் கிடந்தது. கட்டை எரியாமல் அவிந்து அவிந்து புகைந்தது, குழாய் மூட்டிலிருந்து தார் மாதிரி ஒழுகி அம்மாவின் வெள்ளை மேசைவிரிப்பில் சொட்டியது, பெனிசியோவுக்கு நெஞ்சில் பூனைக்குட்டி அழுகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்பா காலையில் கங்கைக் கிளறிவிட்டு, “பாத்தியா, முழுசா இருக்கு!” என்றார். கட்டைகூட முழுசாகத்தான் இருந்தது.

எங்கள் தொழிற்பள்ளியில் பட்டறை சார் ஒருநாள், “பொகைங்கறது தப்பிச்சு ஓடுற வெறகு. அத வெளிய விடாம உள்ளயே மடக்கி இன்னொரு தடவ எரிக்கணும். அதுக்குக் கீழ காத்து குடுத்தா மட்டும் பத்தாது, சூடான காத்து மேலயும் வேணும்” என்றார். நான் அன்று மாலையே அப்பாவிடம், மேல்பக்கம் காற்றுக்கு ஓட்டைகள் போட்ட ஒரு குழாய் வைக்கலாமா என்று கேட்டேன். “ஏன், அடுப்புக்கு மூக்கு குத்தி, காது குத்தி, ஞானஸ்நானமும் குடுத்துடலாமா? எம் அடுப்புல கைய வெச்சே, கைய ஒடிச்சுருவேன்” என்றார். அம்மா சிரித்துவிட்டார், நானும் சிரித்துவைத்தேன், தம்பி சிரிக்கப்போய் இருமலாகிவிட்டது.

அதனால் சொல்லாமல் செய்தேன். பழைய இரும்புக் கட்டிலின் கால் ஒன்றைப் பள்ளிப் பட்டறைக்கு எடுத்துப்போய் வளைத்து, ஒரு பக்கம் வரிசையாகத் துளை போட்டு, நுனியை வெல்டிங்கில் பற்றவைத்து அடைத்தேன். அப்பா விறகுக்காக மலைப்பக்கம் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை, அம்மா பூசைக்குப் போன நேரத்தில் கணப்பை அவித்து, ஆறியதும் பின்பக்கத்தில் தட்டு போட்டு மூடியிருந்த துளை வழியாகக் குழாயை உள்ளே விட்டு, மேலே தீக்கு எதிராகத் துளைகள் பார்க்கும்படி திருகி வைத்துவிட்டேன். காற்று பின்னால் நுழைந்து, குழாயிலேயே சூடாகி, புகையின் முகத்தில் போய் விழும். அப்பா முன்னால் எவ்வளவு இறுக்கி மூடினாலும் அதற்குக் கவலையில்லை. அன்று ராத்திரி கண்ணாடி வழியாகப் பார்த்தேன், ஒவ்வொரு துளை முன்னாலும் ஒரு சின்னச் சுடர் நின்று எரிந்தது. இவ்வளவு அழகான ஒன்றை நான் செய்ததே இல்லை, யாரிடமும் சொல்லவும் முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து அடுத்த வீட்டு உபெர்லிந்தா அக்கா ஒரு வாளி நிறைய விறகோடு வாசலில் வந்து நின்றார். “அதெல்கி அண்ணே, ஒங்க பொகபோக்கில பொகையே காணோமே, வெறகு தீந்துபோச்சா? கேக்கக் கூச்சப்படலாமா, புள்ளைங்க வெறச்சுப் போகுமே” என்றார். அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. “உள்ள வாம்மா, வந்து பாரு” என்று கூட்டிவந்து அடுப்புப் பக்கத்தில் உட்காரவைத்தார். உபெர்லிந்தா அக்கா ஒரு ஸ்வெட்டரைக் கழற்றினார், அடுத்ததைக் கழற்றினார், மூன்றாவதைத் தொட்டதும் அம்மா அப்பாவை மாட்டுக்குத் தண்ணீர் வைக்க அனுப்பினார், எங்களிடம் மாடு கிடையாது. அப்பா திரும்பி வந்ததும், “காத்த எவ்ளோ தொறந்து வெச்சிருக்கீங்க?” என்று அக்கா கேட்டார். “தொறக்குறதா? முழுசா மூடியிருக்கு, பாரு! எல்லாம் அந்த முட்டு பண்ற வேல. அத அறுத்தேன், பிரச்சன தீந்துச்சு” என்றார் அப்பா. சொன்னபோதுதான் அவருக்கே அது தோன்றியிருக்க வேண்டும், முகம் விளக்கேற்றின மாதிரி ஆகிவிட்டது.

சித்தி, அப்பாவைப் பற்றி உங்களுக்குத் தெரியும். வேலை பார்த்த மர அறுவை மில் மூடியதிலிருந்து அவர் செய்யாத வேலையில்லை, செய்த எதுவும் சரியாக வந்ததில்லை. தானாக மூடிக்கொள்ளும் வாசற்கதவு செய்தார், அது மூடிக்கொண்டது, ஒரு வாரம் ஜன்னல் வழியாக ஏறி வந்தோம். தெருவில் அவருக்கு ‘ஐயோ அதெல்கி’ என்றுதான் பெயர். இப்போது ‘இஞ்சினியர்’ என்கிறார்கள். ரம்பத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போகிறார், காசு வாங்குவதில்லை, மாத்தே தேநீர் குடித்துவிட்டு, எண்ணெயில் பொரித்த ரொட்டியை வாங்கிக்கொண்டு வருகிறார். சாப்பாட்டு மேசையில் நிமிர்ந்து உட்காருகிறார். அம்மா அவருக்கு முதலில் பரிமாறுகிறார். நான் எப்படி வாயைத் திறப்பேன்?

ஆனால் அவர் அந்த முட்டு அறுத்த வீடுகளில் எல்லாம் என் குழாய் கிடையாதே. அங்கே காற்று வர வேறு வழியே இல்லை, தீ உள்ளேயே மூச்சுத் திணறுகிறது. மனிதர்களோ பிடிவாதமாக மூடி மூடி வைக்கிறார்கள், இஞ்சினியர் சொல்லிவிட்டாரே. காலையில் பள்ளிக்குப் போகும்போது எதிர்வீடு தெரிவதில்லை, மலை இருந்த இடமும் தெரிவதில்லை. ரேடியோவில் தினமும் காற்றுமாசு அவசரநிலை அறிவிக்கிறார்கள், அப்பா அதைக் கேட்டு, “நம்மள மாதிரி எல்லாரும் மூடி எரிச்சா இப்பிடி ஆகுமா?” என்று வருத்தப்படுகிறார். மூலைவீட்டு சிக்ஸ்தோ மாமாவின் புகைபோக்கிக்குள் தார் படிந்து, போன வாரம் அது தீப்பிடித்துக் கூரைக்கு மேலே ஜுவாலை விட்டது. தீயணைப்பு வண்டி போன பிறகு அவர் வந்து அப்பாவின் கையைப் பிடித்து, “எங்க வீடு இவ்ளோ சூடா இருந்து நா பாத்ததே இல்ல அண்ணே” என்றார். அப்பாவும் “அப்பிடித்தான் இருக்கும்” என்றார்.

இதுவரை நடந்ததற்குச் சிரிக்கலாம், சித்தி, இனிமேல் முடியாது. செவ்வாய்க்கிழமை உபெர்லிந்தா அக்கா வந்து, “தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணே, அடுப்புக் கதவத் தொறந்தாலே ரூமெல்லாம் பொகையாயிடுது, பேரன் தூங்க மாட்டேங்குறான்” என்றார். அப்பா போய்ப் பார்த்தார். “எங்கயோ சந்து இருக்கு. காத்து திருட்டுத்தனமா உள்ள பூந்துடுது” என்று சொல்லி, இருந்த இடுக்கையெல்லாம் கயிறு வைத்து அடைத்துவிட்டு வந்தார். அன்று ராத்திரி ஆம்புலன்ஸ் வந்தது. பேரக்குழந்தை அமாரோவின் உதடு நீலமாகியிருந்தது, போர்வைக்கு வெளியே ஒரு கால் மட்டும் தெரிந்தது, அதில் காலுறை இல்லை. இன்றுவரை ஆஸ்பத்திரியில் ஆக்ஸிஜன் வைத்துக்கொண்டுதான் இருக்கிறான். நேற்று அக்கா வந்து அம்மாவிடம், “அண்ணன் மட்டும் அடச்சுக் குடுக்கலன்னா கொழந்த குளிர்லயே போயிருப்பான்” என்று அழுதுவிட்டு, நன்றியாக ஒரு கோழி கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கோழியை நான் சாப்பிடவில்லை. வயிறு வலிக்கிறது என்றேன், அம்மா புதினாத் தண்ணீர் கொடுத்தார்.

நாளை உங்கள் பள்ளி. பெற்றோர் சங்கம் கைதூக்கி முடிவுசெய்ததாம், கணப்பின் முட்டு அறுத்ததும் பாராட்டுக்கூட்டமாம், குழந்தைகள் பாட்டாம். அப்பா சட்டையை இஸ்திரி போட்டுவிட்டு, “மதிப்புக்குரிய ஆசிரியை அவர்களே” என்று கண்ணாடி முன்னால் பேசிப் பார்த்தார். அது நீங்கள்தான்.

அதனால் நான் யோசித்துவைத்திருப்பதைச் சொல்கிறேன். நாளை எப்படியாவது அவரைத் திருப்பி அனுப்புங்கள். சாவி தொலைந்துவிட்டது என்று சொல்லலாம். வேண்டாம், அவர் பூட்டை அறுத்துவிடுவார். குழந்தைகளுக்குப் பேன் பரவியிருக்கிறது என்று சொல்லுங்கள், அதற்கு அவர் பயப்படுவார். அதற்குள் நான் இன்னொரு குழாய் செய்துவிடுகிறேன், கட்டிலுக்கு இன்னும் மூன்று கால் இருக்கிறது. நீங்கள் பள்ளியைத் திறந்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் மாட்டிவிடுவேன். பிறகு அப்பா வந்து எதை வேண்டுமானாலும் அறுக்கட்டும், பாட்டுப் பாடட்டும், கைதட்டட்டும். உபெர்லிந்தா அக்கா வீட்டிலும் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரமாகப் பார்த்து நுழைந்து வைத்துவிடுவேன். இப்படித் தெரு முழுக்க நுழைய வேண்டியிருக்கும். பிடிபட்டால் வீடு புகுந்து குழாய் கொடுத்துவிட்டுப் போன முதல் திருடி நானாகத்தான் இருப்பேன். அப்பாவுக்கு மட்டும் இது தெரிய வேண்டாம். மறுபடியும் அவரை ‘ஐயோ அதெல்கி’ ஆக்கிவிடாதீர்கள், அத்தான் என்று கூப்பிடும் உரிமையோடு நீங்கள்தான் அவரைக் காப்பாற்ற வேண்டும்.

சித்தப்பாவுக்கு என் வணக்கங்கள், அவருடைய முழங்கால் வலி குறையட்டும். மாதா உங்கள் பள்ளிப் பிள்ளைகளின் நெஞ்சையெல்லாம் காக்கட்டும். காலை எட்டு மணிக்குள் காத்தால் நல்லது, அதற்குப் பிறகு அப்பா வந்துவிடுவார்.

உங்கள் சொல் கேட்கும் மகள்,
யஸ்னா

பின்குறிப்பு: சித்தி, மேலே எழுதியதையெல்லாம் விட்டுவிடுங்கள், பேனும் வேண்டாம், சாவியும் வேண்டாம். உறை எடுக்கச் சமையலறைக்குப் போனேன். இன்று அப்பா ராத்திரிக் கட்டை வைக்கவே இல்லை போலிருக்கிறது, கணப்பு ஜில்லென்று கிடக்கிறது, அதன் மேல்தட்டு தரையில் இருக்கிறது. அப்பா இஸ்திரி போட்ட சட்டையோடு முழங்கைவரை சாம்பலாக உட்கார்ந்திருக்கிறார், மடியில் என் குழாய். சின்னப் பிள்ளைகள் இருக்கும் இடம், கைவைக்கும் முன் நம்முடையதை ஒருமுறை பிரித்துப் பார்த்துவிடலாம் என்று நினைத்திருப்பார், வேறு என்ன? குழாயின் ஒரு முனையில் வாய்வைத்து ஊதி, துளைகளின் மேல் உள்ளங்கையை வைத்து வைத்துப் பார்த்தார். பிறகு கணப்பைப் பார்த்து, “அப்ப நா ஒண்ணும் செய்யல” என்றார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதில்லை. இந்த வீட்டில் இரும்பைப் பற்றவைக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், அது அவருக்குத் தெரியும். என்னை அவர் பார்க்கவில்லை என்று நினைத்து ஓடிவந்துவிட்டேன். இப்போது எழுந்துவிட்டார். அம்மா அறையைத் தாண்டிவிட்டார். குழாய் சுவரில் உரசும் சத்தம் கேட்கிறது. கதவைத் தட்டுகிறார், சித்தி. “யஸ்னா, வெளக்கு எரியுது, முழிச்சுட்டுதான் இருக்கே” என்கிறார். மறுபடியும் தட்டுகிறார். “இந்த ஓட்டையெல்லாம் என்ன சைஸு டிரில் பிட்டுல போட்ட?” என்று கேட்கிறார். குரலிலிருந்து ஒன்றும் தெரியவில்லை. ஆறு மில்லி என்று சொல்லவா சித்தி, இல்லை தூங்குகிற மாதிரி