மரக்காணத்து ஆல்ப்ஸ்

உலகத்தில் யாரிடம் வேண்டுமானாலும் 'முடியாது' என்று சொல்லிவிடலாம், எங்கள் கருவடிக்குப்பம் தெரு வீடியோக்காரரிடம் மட்டும் முடியாது. காலமெல்லாம் கல்யாணம் எடுத்தவர். மணவறையில் அழுகிற பெண்ணையே சிரிக்க வைத்துவிடுவார், நான் எம்மாத்திரம்!

அவர் மகள் பிரான்ஸில், ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் இருக்கிறாள். "பொறந்த நாளைக்கு வா தாத்தா, எல்லாரும் சேந்து மலை ஏறலாம்" என்று பேத்தி போனில் கூப்பிட்டிருக்கிறாள். விசா கிடைக்கவில்லை. மனுஷன் சும்மா இருந்தாரா?

"குடும்பமா ஆல்ப்ஸ் ஏறுற மாதிரி படம் எடுத்து அனுப்பிடறேன் சார். நான் தாத்தா, நீங்க மருமவன், உங்க வூட்டம்மா என் பொண்ணு. ஸ்வெட்டர் எடுத்துக்குங்க."

"மலைக்கு எங்க போவீங்க?"

"மரக்காணம்."

மரக்காணத்தில் ஏது மலை? உப்பளம்தான். வெள்ளை வெளேரென்று குவித்திருந்த உப்புதான் ஆல்ப்ஸாம்! கொளுத்துகிற வெயிலில் ஸ்வெட்டர், குல்லா, மூன்று பேர் இடுப்பிலும் ஒரே கயிறு. உப்பளத்து அம்மா ஒருத்தி ஓடி வந்தாள்.

"யோவ், சோத்துல போடற உப்புய்யா! செருப்ப கழட்டிட்டு ஏறு!"

ஆல்ப்ஸில் வெறுங்காலோடு ஏறிய முதல் குடும்பம் நாங்கள்தான். குதிகால் வெடிப்பில் உப்பு புகுந்து எனக்கு உயிர் போயிற்று.

கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு அவரும் ஏறினார். பனிச்சரிவுக் காட்சி. நான் நிஜமாகவே சறுக்குகிறேன். அப்போதும் தொழில்புத்தி போகுமா?

"சார், கேமராவ பாருங்க! மேடம், லேசா சிரிங்க!"

"விழுந்து சாவுறேன், சிரிக்கச் சொல்றீங்களே!" என்று கத்தினேன்.

கயிறு இழுத்ததில் அவரும் குப்புற விழுந்தார். வாயெல்லாம் உப்பு. "த்தூ! என்னா கரிப்பு!" என்றது அப்படியே பதிவாகிவிட்டது. வெட்டச் சொன்னேன். "பாப்பா சிரிக்கும் சார்" என்று வைத்துக்கொண்டார். கல்யாண வீடியோ பழக்கத்தில் பனி மேல் கிராபிக்ஸில் ரோஜா இதழ் வேறு கொட்டவிட்டு அனுப்பினார்.

அனுப்பிய பிறகுதான் அவருக்குப் பயம் வந்தது. சரியாகச் சாப்பிடக்கூட இல்லை. "இதப் பாத்துட்டு, நான் வரலன்னு பாப்பா ஏங்கிப்போயிட்டா என்னா சார் பண்றது?"

பிறந்த நாளன்று வீடியோ கால் வந்தது. என்னையும் இழுத்து உட்கார வைத்தார். நிஜ ஆல்ப்ஸில் நின்றிருந்த குழந்தை பனியை அள்ளி வாயில் போட்டாள். முகம் சுருங்கிற்று.

"இங்க கரிக்கவே இல்ல தாத்தா! உன் மலைதான் நல்லா இருக்கு. லீவுக்கு நான் அங்க வரேன், ஏறலாம்."

ஊரையே சிரிக்க வைக்கிற மனுஷன் பொலபொலவென்று அழுதார்.

"கேமராவ பாருங்க, சிரிங்க" என்றேன்.

அந்தப் பாழாய்ப்போன ஸ்வெட்டரைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.