ஸ்ட்ராஸ்பூர் போன சண்டை

எந்த வீட்டில் வீடியோ கால் மணி அடித்தாலும் எனக்குக் காது சூடாகிவிடும். அந்தச் சத்தம் என்னை நேராக உழவர்கரையில் எங்கள் எதிர்வீட்டு மாடிக்கு இழுத்துக்கொண்டு போய், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து, மானத்தை வாங்கிவிட்டுத்தான் ஓயும். கவிதை எழுதுகிறவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடலாம், இழவுக்குக் கூப்பிடலாம். மொழிபெயர்க்க மட்டும் கூப்பிடக் கூடாது.

எதிர்வீட்டு ஷமீமா மருந்துக்கடையில் வேலை பார்த்தாள். அவள் கணவர் ஜாபருக்கு பாரிசுக்கு வெளியே ஒரு காய்கறிக் கிடங்கில் வேலை. அவருடைய தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர் (எங்கள் ஊரில் ‘சொல்தா’ என்போம்). அந்த வழியில் பேரனும் பிரெஞ்சுக் குடிமகன். நிக்காஹ் இங்கேதான், ஊரறிய நடந்தது. ஆனால் ஷமீமா கணவரிடம் போக விசா கேட்டபோது, பிரெஞ்சு விசா அலுவலகம், இது கல்யாணமே இல்லை, விசாவுக்காகப் போட்ட நாடகம் என்று மறுத்துவிட்டது. (அந்தக் கல்யாணத்தில் பிரியாணியை இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டவன் நான். நாடகத்துக்கு யாரும் அவ்வளவு கறி போட மாட்டார்கள்.)

பிரான்சின் நீதிமன்றங்கள் ஒவ்வொன்றாகக் கையை விரித்தன. கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. ஸ்ட்ராஸ்பூர் நகரத்தில், நாடுகளின் நீதிமன்றங்களையெல்லாம் தாண்டிப் போய்க் கதவைத் தட்டக்கூடிய மனித உரிமை நீதிமன்றம். குடும்பமாக வாழ்வது மனிதரின் உரிமை, அதைத் தக்க காரணமில்லாமல் பறித்தால் தனி மனுஷி ஒருத்தி ஓர் அரசாங்கத்தையே அங்கே பதில் சொல்ல வைக்கலாம் என்று கேள்விப்பட்ட அன்று, எனக்கு உடம்பு சிலிர்த்தது. மருந்துக்கடைப் பெண்ணும் ஒரு குடியரசும் எதிரெதிரே! அந்தச் சிலிர்ப்புதான் பின்னால் வந்த எல்லா நாசத்துக்கும் ஆரம்பம்.

வழக்கை எடுத்த வக்கீலம்மா பாரிசிலிருந்து வேறு வேலையாக இந்தியா வந்தவர், ஒரு மதியம் ஷமீமாவை நேரில் கேட்க அந்த மாடிக்கு வந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது, ஷமீமாவுக்கு பிரெஞ்சு தெரியாது. நடுவில் இரண்டும் தெரிந்த நான், இஸ்திரி போட்ட சட்டையோடு.

பிரெஞ்சில் வக்கீலை ‘மேத்ரு’ என்றுதான் மரியாதையாகக் கூப்பிட வேண்டும். நான் வாய்க்கு வாய் கூப்பிட்டேன்.

ஷமீமா என் பக்கம் சாய்ந்தாள். “அண்ணே, அவ்ளோ படிச்சவங்கள ஏன் மேஸ்திரி மேஸ்திரின்றீங்க? கோச்சிக்கப் போறாங்க.”

“அது மேஸ்திரி இல்லம்மா, மேத்ரு.”

“இன்னாவோ. வூடு கட்டிக் குடுத்தா சரி.”

வக்கீலம்மா பேனாவைத் திறந்தார். முதல் கேள்வி: பிரிந்திருக்கும் கணவனும் மனைவியும் எப்படி உறவாடுகிறீர்கள்?

ஷமீமா யோசிக்கவே இல்லை. “டெய்லி போன் பண்ணுவாரு. சண்டை போட்டுக்குவோம்.”

பெண்ணே, கடைசி நீதிமன்றம்! அங்கே போய் ‘சண்டை’ என்றா சொல்வது? இவளைக் காப்பாற்றும் பொறுப்பு என் தலையில் விழுந்ததாக நானே முடிவு செய்தேன். தொண்டையைச் செருமிக்கொண்டு பிரெஞ்சில் ஆரம்பித்தேன். எங்களுக்கு நடுவே விரிந்திருக்கும் கடல் ஒரு நீலப் படுக்கை, அதன் ஒரு கரையில் அவர் கண் மூடுகிறார், மறு கரையில் நான் கனவு காண்கிறேன்... (வெட்கமில்லாமல் எழுதுகிறேன்: சொல்லும்போது எனக்கே கண் கலங்கியது.)

வக்கீலம்மாவின் பேனா நின்றுவிட்டது.

“இந்த அம்மா நான்கு வார்த்தைதானே சொன்னார்?”

“தமிழ் சுருக்கமான மொழி, மேத்ரு.”

அவர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். “ஐயா, பொய்க் கல்யாணம் செய்தவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுகிறார்கள். மனப்பாடம் செய்து. இதை நான் நீதிபதிகள் முன்னால் வைத்தால், விசா அலுவலகம் சொன்னதுதான் சரி என்பார்கள். இவருக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது?”

ஒரு பெண்ணின் நிஜக் கல்யாணத்தை ஒரே மூச்சில் பொய்யாக்கியிருந்தேன். விசா அலுவலகத்துக்குக்கூட அதற்குப் பல மாதங்கள் பிடித்தன.

“இன்னாண்ணே சொல்றாங்க? ஏன் மூஞ்சி மாறிப்போச்சு?”

சொன்னேன். வேறு வழியில்லை. படுக்கையை விட்டுவிட்டுச் சொன்னேன், அவள் விடவில்லை, படுக்கையையும் சொன்னேன்.

“நீலப் படுக்கையா!” ஷமீமா எழுந்தே விட்டாள். “நான் எப்பண்ணே படுக்கைய பத்திப் பேசுனேன்? சண்டைன்னா சண்டைன்னு சொல்லக் கூடாதா? உண்மையச் சொன்னா அந்த கோர்ட்டுல எடுத்துக்க மாட்டாங்களா?”

அப்போதுதான் அவள் போனில் வீடியோ கால் மணி அடித்தது. வேலை இடைவேளையில் ஜாபர். ஷமீமா இருந்த கோபத்தில் யார் இருக்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் எடுத்தாள்.

“மறுபடியும் ஸ்வெட்டர் போடாம வெளிய நிக்கிறீங்களா? போன வாரம் பூரா இருமுனது பத்தாதா?”

“நீ மொதல்ல டேங்கு வால்வ மாத்துனியா? தண்ணி வழிஞ்சி செவுரு ஊறுதுன்னு சொல்லி எத்தினி நாளாவுது?”

“பிளம்பர் வர்ல. வேணும்னா நீங்க அங்கேர்ந்து கைய நீட்டி மாத்துங்க!”

“தவளக்குப்பத்துலேர்ந்து ஒரு பையன் வருவான்னு சொன்னனே, போன் பண்ணியா? நீ பண்ணியிருக்க மாட்ட. எனக்குத் தெரியும்.”

“தெரியுதுல்ல? அப்பறம் ஏன் கேக்குறீங்க?”

வக்கீலம்மா என் தோளைத் தட்டினார். “என்ன சொல்கிறார்கள்? வார்த்தைக்கு வார்த்தை.”

சொன்னேன். ஸ்வெட்டர், இருமல், வால்வு, வராத பிளம்பர். ஒரு உவமை இல்லை. அவர் பேனாவை மறுபடி திறந்து வேகவேகமாக எழுதினார். கொஞ்சம் பொறுத்து, என்னைப் பார்க்காமலே சொன்னார்: “இதைத்தான் சட்டம் குடும்ப வாழ்க்கை என்கிறது, ஐயா.”

இத்தனை ஆயிரம் மைல் தள்ளி நின்றுகொண்டு ஒருவன் தன் வீட்டுச் சுவர் ஊறுவதற்காகத் தவிக்கிறான். நான் இருபத்தைந்து வருடம் எழுதிய வரிகளில் ஒன்றுகூட அந்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்ததில்லை. கீழே இறங்கும்போது படி தெரியவில்லை எனக்கு.

வழக்கு ஸ்ட்ராஸ்பூர் போனது. வருடங்கள் போயின. நீதிமன்றம் அரசாங்கத்திடம் விளக்கம் கேட்டது. விளக்கத்துக்குப் பதிலாக விசா வந்தது. குறை தீர்ந்துவிட்டதால் தீர்ப்பு எழுதாமலே வழக்கை முடித்தார்கள். எங்கள் வீட்டிலோ என் மேல் தீர்ப்பு அந்த மாடி மதியத்தன்றைக்கே ஆகிவிட்டது. குழம்பில் உப்பு எப்படி என்று கேட்டு, நான் பதில் சொல்ல ஒரு நொடி தாமதித்தால் போதும், என் மனைவி வசந்தி பிள்ளைகளிடம், “தள்ளி உக்காருங்க, அப்பா படுக்கைய விரிக்கப் போறாரு” என்பாள். உறவினர்கள் வந்தால் காரணமும் விளக்கப்படும்.

ஷமீமா சென்னை விமான நிலையத்துக்குக் கிளம்பிய காலையில் கார் வாசலில் நின்றது. பெட்டிகளை ஏற்றிவிட்டு அவள் என்னிடம் வந்தாள். முகத்தில் சந்தோஷம் இருந்தது, அது முழுசாக இல்லை.

“விசா குடுத்துட்டாங்க, சரி. எங்க கல்யாணத்தப் பொய்யின்னு சொன்னது தப்புன்னு யாராச்சும் எங்கனா சொன்னாங்களாண்ணே?”

எனக்குள் நாலைந்து அழகான வாக்கியங்கள் முண்டியடித்துக்கொண்டு நின்றன.

“இல்லம்மா” என்றேன்.

கார்க் கதவைத் திறந்துகொண்டே திரும்பிச் சொன்னாள்.

“இத மட்டும் கரெக்டா சொல்லிட்டீங்க. வரேண்ணே.”