சுனில் தம்பி சைக்கிளில் வந்து லுங்கியில் திரும்பிய காரணம்

சத்தியவேடு,
திங்கட்கிழமை காலை.

சித்தூரில் வசிக்கும் பெருமதிப்பிற்குரிய கிருஷ்ணப்பா அவர்கள் சமூகத்துக்கு, சத்தியவேடு கன்னையா கைகூப்பி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் சம்சாரம் மணியம்மாவும் மகள் சுமித்ராவும் நலமாக இருக்கிறோம். அங்கே தங்களுக்கும் தங்கள் சம்சாரமான தங்கச்சிக்கும் ஒரு குறையும் இருக்கக் கூடாது. தங்களை எப்படி அழைத்து எழுதுவது என்பதிலேயே அரைமணி நேரம் போய்விட்டது. "அண்ணன்" என்று ஆரம்பித்தேன். அண்ணன் தம்பி ஆகிவிட்டால் பிள்ளைகளுக்கு முறை கெட்டுப்போகும் என்று மணியம்மா காகிதத்தைப் பிடுங்கிவிட்டாள். "சம்பந்தி" என்று எழுத இன்னும் வெற்றிலை பாக்கு மாற்றவில்லை. ஆகையால் "அவர்கள்" என்பதோடு நிறுத்தியிருக்கிறேன். குறையாக நினைக்க வேண்டாம்.

நேற்று ராத்திரி தாங்கள் போன் செய்து, "பெண்ணிடம் நாலு வார்த்தை பேசிவிட்டு வருகிறேன் என்று காலையில் ஜோராகச் சைக்கிளில் கிளம்பிய என் மகன், யாருடைய லுங்கியிலோ பஸ்ஸில் வந்து இறங்குகிறானே, உங்கள் ஊரில் என்னதான் நடந்தது?" என்று கேட்டீர்கள். நான் சொல்ல ஆரம்பித்தால் பக்கத்தில் உட்கார்ந்து மணியம்மா திருத்துகிறாள், அவள் தம்பி ரங்கையா அந்தப் பக்கத்திலிருந்து கத்துகிறான், கடைசியில் தங்களுக்கு லுங்கி என்னுடையது என்பது மட்டும்தான் விளங்கியது. அதனால்தான் இந்தக் கடிதம். உள்ளது உள்ளபடி எழுதுகிறேன்.

தம்பி தாம் வாத்தியார் வேலை பார்க்கும் திருப்பதியிலிருந்து நல்லபடியாகத்தான் வந்திருக்கிறார். வரதய்யபாளையம் தாண்டியதும் மிதிகட்டை நடுவில் கடமுடவென்று சத்தம் கேட்டு, அப்புறம் அப்படியே இறுகிவிட்டதாம். பஸ்ஸில் சைக்கிளை ஏற்ற மாட்டேன் என்று கண்டக்டர் சொல்லிவிட்டார். வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டர்காரர்தான் மேலே படுக்கப்போட்டுக்கொண்டு வந்து எங்கள் தெருமுனையில் இறக்கிவிட்டார். தலையெல்லாம் வைக்கோல், கையெல்லாம் கரி, அரைக்கால் சட்டை. பட்டுப்புடவையோடு வாசலில் நின்று மாப்பிள்ளையை எதிர்பார்த்திருந்த மணியம்மா, இவரைப் பார்த்ததும் காலையிலிருந்து ஓடாத போர் மோட்டாரைச் சரிசெய்ய வந்த ஆள் என்று நினைத்து, "இன்னாப்பா இவ்ளோ லேட்டு, மோட்டார் பின்னால கீது, போய்ப் பாரு" என்று அனுப்பிவிட்டாள். தம்பி ஒரு வார்த்தை பேச வேண்டுமே! நேராகப் பின்னால் போய், மூடியைத் திறந்து, கழன்றிருந்த ஒயரை மாட்டி, தண்ணி கொட்ட ஆரம்பித்ததும் திரும்பி வந்து, "ஓடுதும்மா. நான் சுனில்" என்றார். என் சம்சாரத்துக்கு நான் தாலி கட்டிய நாளிலிருந்து அவள் வாயடைத்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த ஒன்றுக்காகவே எனக்கு உங்கள் பிள்ளையைப் பிடித்துப்போய்விட்டது.

குளித்துவிட்டு வந்தவருக்கு என் லுங்கியும் சட்டையும் கொடுத்தோம். காப்பி வந்தது. சுமித்ரா அப்போதுதான் உள்ளே தலை பின்னிக்கொண்டிருந்தாள். அந்த இடைவெளியில்தான் ரங்கையா வந்தான். அவன் கேட், கிரில் செய்கிற வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன், பட்டறை எங்கள் வீட்டை ஒட்டித்தான். இரும்பு என்றாலே அவனுக்கு அக்காள் மகள் மாதிரி. "இது இன்னா பெரிய விஷயம், உள்ள பேரிங் போயிருக்கும், கழட்டி எறிஞ்சிடலாம்" என்றான். தம்பி பையில் அதற்கென்றே பல் பல்லாக ஒரு சாவி வைத்திருந்தார். மிதிகட்டைக் கைகளை அவரே கழற்றிக் கொடுத்தார். மிதிகட்டை அச்சு ஓடுகிற குழாய்க்கு ரெண்டு பக்கமும் மூடி மாதிரி மரை போட்டு இறுக்கியிருக்கிறது. இடது பக்கம் சாவி வைத்துத் திருப்பியதும் வந்துவிட்டது. அதுதான் வினை. ரங்கையாவுக்கு தைரியம் வந்துவிட்டது. வலது பக்கத்தையும் அதே மாதிரி திருப்ப ஆரம்பித்தான். தம்பி மரியாதையாகத்தான் சொன்னார், "சார், இந்தப் பக்கம் மட்டும் மரை எதிரு. அப்படித் திருப்பினா இன்னும் இறுகும்." இவன் "நாக்கு தெலுசு, நாக்கு தெலுசு" என்கிறான். கோபம் வந்தால் இவனுக்குத் தெலுங்குதான் வரும். "எனக்குத் தெரியும்பா, நீ காப்பி குடி!" ஸ்பானர்மேல ஒரு குழாயைச் சொருகி, அதுமேல ஏறி நின்னான் பாருங்க, சாவி நழுவி இவன் ஒரு பக்கம், ஸ்பானர் ஒரு பக்கம், எங்க வீட்டுத் துளசிச்செடி ஒரு பக்கம். மூடியோட பல்லு பாதி மழுங்கிப்போச்சு. அப்பவும் உடுவானா? "ஒரு கம்பியை வெல்டிங் வெச்சு ஒட்டித் திருப்பினா ரெண்டு நிமிஷம்" அப்டின்றான். தம்பி மூஞ்சி வெளுத்துப் போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே பொண்ணோட தாய்மாமனை எப்படித் தடுக்கறது சொல்லுங்க? சைக்கிளைக் குறுக்கே கட்டிப் புடிச்சிக்கினு நிக்கிறாரு.

அப்போதான் சுமித்ரா வெளியே வந்தா. அவ ஸ்ரீசிட்டில ஒரு கம்பெனில மெயின்டனன்ஸ் எஞ்சினியர்னு தங்களுக்குத் தெரியும். இதுக்கு முன்னாடி வந்த ரெண்டு குடும்பமும் "பொண்ணு மெஷின் கிட்ட நிக்கிற வேலையா, நைட் ஷிப்டு வேறயா" அப்டின்னு கேட்டுட்டு, சொஜ்ஜி துன்னுட்டு, அப்பால போன் பண்ணவே இல்ல. அதனால நான் கண்ணால ஜாடை காட்டினேன், இன்னைக்கு ஒரு நாளாவது சும்மா உக்காரும்மான்னு. அவ எங்க என்னைப் பாத்தா? நேரா சைக்கிளைப் பாத்தா. "மாமா, உங்க வீட்டு டேபிள் ஃபேன் றெக்கையை எந்தப் பக்கம் சுத்திக் கழட்டுவீங்க?" அப்டின்னா. ரங்கையா யோசிச்சு, "அது எதிர்ப் பக்கம். அது ஃபேனு." "இதுவும் அப்டித்தான் மாமா. சுத்தற சுத்துல தானா கழண்டுக்கக் கூடாதுன்னு எதிரா வெச்சிருக்காங்க." ரங்கையா உடனே உள்ள போயி எங்க வீட்டு ஃபேனைக் கழட்டிப் பாத்துட்டு வந்தான். வந்து சாவியை அவ கையில குடுத்தான்.

அப்பால ரெண்டு பேரும் அந்தச் சைக்கிளுக்கு முன்னாடி உக்காந்தாங்க. தனியாப் பேசட்டும்னு மணியம்மா மாடியில ரெண்டு சேர் போட்டு, தட்டுல முறுக்கெல்லாம் வெச்சிருந்தா. முறுக்கை காக்கா துன்னுச்சு. இதுங்க ரெண்டும் வாசல்லயே, ஊரே பாக்க, மரையைப் பத்தியே பேசிக்கினு இருக்குதுங்க. சம்பளம் பத்தி இல்ல, ஜாதகம் பத்தி இல்ல. அதுவும் சண்டை! இவ நெருப்புல காட்டணும்ன்றா, அவரு பெயின்ட் போயிடும் வேணாம்ன்றாரு. இவ, "பெயின்ட் முக்கியமா, வண்டி ஓடறது முக்கியமா?" அவரு, "ரெண்டும் முக்கியம்ங்க." கடைசில சுடுதண்ணி ஊத்தலாம்னு ஒத்துக்கிட்டாங்க. பிரேம் அலுமினியமாம், உள்ள இறுகிக் கிடக்கிறது இரும்பாம், சூடு பட்டா அலுமினியம் ஜாஸ்தி விரியுமாம். மாப்பிள்ளை சோத்துக்குக் கொதிச்சிக்கினு இருந்த உலைத் தண்ணியை மணியம்மா கையிலேர்ந்து வாங்கிக்கினு போய் சைக்கிளுக்கு ஊத்திட்டா என் மக.

ஊத்தி, சாவியைப் போட்டு, இவளே வேகமா ஒரு இழுப்பு இழுத்தா. மழுங்கின பல்லாச்சே, வழுக்கிக்கினு போயி பிரேம் மேல ஒரு முழத்துக்குக் கோடு கிழிச்சிடுச்சு. நீலப் பெயின்ட் உரிஞ்சு உள்ள வெள்ளையாத் தெரியுது. "சாரிங்க. என் அவசரம்தான்" அப்டின்னா சுமித்ரா. தம்பி அந்தக் கோட்டையே பாத்தாரு. எழுந்து போயி சொம்புல தண்ணி குடிச்சாரு. முடிஞ்சுது, இதுவும் போச்சுன்னு நினைச்சேன். திரும்பி வந்து உக்காந்தாரு. "கொஞ்ச நேரம் கஷ்டமா இருந்துச்சுங்க. ஆசையா வாங்கின வண்டி. இப்போ பரவால்ல. மறுபடி புடிப்பமா?" அப்டின்னாரு.

எனக்கு அதைக் கேட்டு என்ன ஆச்சுன்னு எழுதத் தெரியல. பரவால்ல பரவால்லன்னு உடனே வாயால சொல்ற ஆளுங்களை நான் நெறைய பாத்திருக்கேன், அவங்க மனசுல அந்தக் கோடு அப்டியே கிடக்கும். கஷ்டமா இருந்ததை கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்லிட்டு மறுபடி வந்து உக்கார்ற ஆளை நேத்துதான் பாத்தேன். நல்லா வளத்திருக்கீங்க.

அதுக்கப்பறம் நடந்ததுதான் பெரிய கூத்து. சாவி மறுபடி வழுக்காம இருக்க, நடு அச்சுலயே ஒரு போல்ட்டும் வாஷரும் போட்டு சாவியை அமுக்கி இறுக்கினாங்க. அப்பவும் ஸ்பானருக்கு அசையல. சுமித்ரா சொன்னா, "நம்ம சாவியைத் திருப்ப வேணாம். சாவியை அசையாமப் புடிச்சிக்கினு சைக்கிளைத் திருப்பலாம்." ரங்கையா பட்டறையில மேசையோட மேசையா முடுக்கின வைஸ், அந்த இரும்புக் கவ்வி கீதே, அதுல சாவியைக் கவ்வ வெச்சு, சக்கரம் கழட்டின சைக்கிளை அதுமேல படுக்கப் போட்டாச்சு. ஆனா எந்தப் பக்கம் சுத்தறது? கவுந்து கிடக்குது, மரை வேற எதிரு. தம்பி ஒரு பக்கம் கையைச் சுத்திப் பாக்கறாரு, கணக்கு வாத்தியார் ஆச்சே, அவருக்கே தலை சுத்திடுச்சு. ரங்கையா மூலையில முட்டிய தேய்ச்சிக்கினு நிக்கிறான், யாரும் கூப்பிடாத கோவம். தம்பிதான் போயி, "சார், உங்க வைஸ், உங்க பலம். நீங்க பின்பக்கம் புடிக்கலைன்னா ஆவாது" அப்டின்னாரு. இவன் அப்டியே பூரிச்சிப்போயி வந்து புடிச்சான். முன்னாடி தம்பி, பின்னாடி ரங்கையா, நடுவுல நான். சுமித்ரா ஸ்டூல்மேல ஏறி நின்னு, "எல்லாரும் கோயில் பிரதட்சணம் வர்ற மாதிரி வலமா வாங்க!" அப்டின்னா. அது எங்களுக்கு வெளங்குச்சு. கோவிந்தா கோவிந்தான்னு ரங்கையா குரல் குடுக்க, மூணு பேரும் தள்ளினோம். டபார்னு ஒரு சத்தம்! பிரேம் ஒடஞ்சிப் போச்சுன்னு ரங்கையா அப்டியே தரையில உக்காந்துட்டான். ஒடையலங்க, கழண்டுச்சு! உள்ளேர்ந்து துருவும் செவப்புத் தண்ணியும் நொறுங்கின பேரிங் குண்டுங்களும் கொட்டுது. தம்பி போன் லைட்டைப் போட்டு உள்ள விரல் உட்டுத் தடவிப் பாத்து, "மரை பொழச்சிக்கிச்சு" அப்டின்னாரு. அந்தக் கரிக் கையோட ரெண்டு பேரும் தட்டிக்கிட்டாங்க பாருங்க, மணியம்மா முகத்தைத் திருப்பிக்கிட்டா. சிரிப்பைத்தான் மறைச்சா.

சோறு துன்ன சாயங்காலம் ஆயிடுச்சு. துன்னுக்கினு இருக்கும்போது தம்பி, "உங்களுக்கு நைட் ஷிப்ட் உண்டா?" அப்டின்னாரு. முன்னாடி வந்தவங்களும் இப்டித்தான் ஆரம்பிச்சாங்க. "மாசத்துல ஒரு வாரம் வரும்" அப்டின்னா. "அப்போ அந்த வாரம் சமையல் என்னுது. ரசமும் முட்டையும்தான் வரும், முன்னாடியே சொல்லிடறேன்." அவ்ளோதான் பேச்சு. புது சாமான் சத்தியவேட்டில கிடைக்காது, அது வந்தாத்தான் சைக்கிள் ஓடும். தம்பியோட துணி துவைச்சும் கரி போகல. அதான் லுங்கி, அதான் பஸ்.

ஆகவே, தாங்களும் தங்கச்சியும் பெரியவர்களும் வரும் வெள்ளிக்கிழமை வந்து, தட்டு மாற்றிப் பேச்சை உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். பெண்ணுக்குப் பரிபூரண சம்மதம். அன்றைக்கு சைக்கிள், மரை, துரு எதையும் யாரும் எடுக்க மாட்டோம் என்று உறுதி கூறுகிறேன். ஏழுமலையான் தங்கள் வீட்டில் எல்லாருக்கும் குறைவில்லாத நிறைவைத் தரட்டும்.

தங்கள் அன்புக்குக் கட்டுப்பட்ட,
கன்னையா

பின்குறிப்பு: ஒட்டும் முன் கடிதத்தைச் சுமித்ரா வாங்கிப் படித்துவிட்டாள். "பரிபூரண சம்மதம்னு உங்ககிட்ட யார் சொன்னது நைனா?" என்கிறாள். பட்டறையில் ஆளைப் பார்த்தாயிற்றாம், ரோட்டில் இன்னும் பார்க்கவில்லையாம். திருப்பதியிலிருந்து சித்தூர் வரைக்கும் கூடவே மிதித்துப் பார்த்து, ஏற்றத்தில் தனக்காக நிற்கிறாரா, முன்னால் ஓடிவிடுகிறாரா என்று தெரிந்த பிறகுதான் பதில் சொல்வாளாம். தம்பிக்கு போன் செய்து நேராகவே சொல்லிவிட்டாள். அவர் சிரித்த சிரிப்பு எனக்கு இங்கே கேட்டது. "அதே டெஸ்ட் உங்களுக்கும் உண்டுங்க" என்றாராம். மாலையில் போய் இவளும் ஒரு சைக்கிள் பார்த்துவிட்டு வரப்போகிறாளாம். ஆகையால் மேலே தட்டு, உறுதி, வெள்ளிக்கிழமை என்று எழுதியதையெல்லாம் தாங்களே பேனாவால் அடித்துக்கொள்ளவும். ஆனால் சமையலுக்கு ஆள் சொல்லிவிட்டேன். தட்டு வேண்டாம், பூ வேண்டாம். நீங்களும் தங்கச்சியும் சும்மா வந்து துன்னுட்டுப் போங்க.