றொசலின் அக்காவின் கேற்றில் ஒட்டிய அறிவித்தல்

ஒரு விடுகதை. அது என்னுடையதுதான். ஆனால் அதில் ஓர் ஆணி அடிப்பதென்றாலும் நான் கடிதம் எழுதி அனுமதி கேட்க வேண்டும். அது என்ன?

பத்திரிகையில் சிறுவர் பக்கம் பார்த்த இருபத்தாறு வருடமும் "விடை அடுத்த வாரம்" என்று போட்டே பழகிவிட்டேன். இன்றைக்குக் காக்கவைக்கவில்லை. விடை: சட்டத்தால் காக்கப்படும் பழைய வீடு.

தன் வீட்டை அப்படி ஒரு வீடாக ஆக்கத்தான் றொசலின் அக்கா ஒரு வருடமாக அரச கந்தோர் கந்தோராக நடந்தார். உள்துறைமுக வீதிக்குப் பின்னால், எங்கள் ஒழுங்கையில் இருக்கிறது அந்த வீடு. ஒரு முழத்துக்குக் குறையாத சுண்ணாம்புச் சுவர். விறாந்தையில் ஆறு உருண்டைத் தூண்கள்.

வீடு அவருக்கும் கொழும்பில் இருக்கும் அவருடைய அண்ணனுக்கும் பொது. அண்ணனுக்கு அதை ஹோட்டல் கட்டுகிற ஒருவருக்கு விற்றுவிட விருப்பம். வாங்குபவருக்குக் காணிதான் தேவை, வீடு தேவையில்லை. சனிக்கிழமை கூட்டிவருகிறேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

அதற்கு முதல் நாள், வெள்ளிக்கிழமை, தொல்பொருள் திணைக்களத்து அதிகாரி வருவதாக இருந்தது. அயலவர்களுக்கு ஆட்சேபனை இல்லையென்று ஐந்து கையெழுத்து வாங்கி வைத்தால் கோப்பு வேகமாக நகரும் என்று அவர் முன்பே சொல்லியிருந்தார்.

"தங்கச்சி, நீர் எழுதுற ஆள். கேற்றிலை ஒட்ட ஒரு அறிவித்தல் எழுதும். அப்பிடியே அஞ்சு கையெழுத்தும் வாங்கிவிடும்" என்றார் றொசலின் அக்கா.

வியாழக்கிழமை காலையில் எனக்கு இருந்த வேலை இவ்வளவுதான்.

எழுதினேன். "அறிவித்தல். இவ்வீடும் இதனைச் சூழ்ந்த காணியும் விரைவில் பாதுகாப்பின் கீழ்க் கொண்டுவரப்படவுள்ளன. அயலவர்கள் கையொப்பமிட்டு ஒத்துழைக்கவும்."

மூன்று தரம் வாசித்துப் பார்த்தேன். ஒற்றுப்பிழை ஒன்றுகூட இல்லை. எனக்கே என்மேல் மதிப்பு வந்தது. வாசல் கேற்றில் ஒட்டிவிட்டு, உள்ளே போய் றொசலின் அக்காவின் குசினியில் தேத்தண்ணி குடித்தேன்.

அந்தத் தேத்தண்ணி ஆறுவதற்குள் கேற்றடியில் சத்தம் கேட்டு வெளியே வந்தேன்.

முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுத் தையல்காரர் சலீம். கழுத்தில் அளவு நாடா. கையில் பொலித்தீன் பையில் சுற்றிய காணி உறுதிப் பத்திரம்.

"அக்கா, சூழ்ந்த காணி எண்டா எங்கட காணியும்தானே?"

"இல்லைத் தம்பி, இந்த வீட்டு வளவைத்தான் எழுதினனான்."

"வளவெண்டா வளவெண்டு எழுதுங்கோவன். நாலு பக்கமும் சூழ்ந்து இருக்கிறது நாங்கதானே. என்ட உறுதி இந்தா. மூண்டு தலைமுறை."

பிழை எங்கே என்று அப்போதும் எனக்கு விளங்கவில்லை. "பாதுகாப்பு நல்ல விசயம்தானே?" என்று வேறு கேட்டுவைத்தேன்.

எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்கு அகராதியில் ஒரு பொருள், ஒழுங்கையில் வேறு பொருள். பாதுகாப்பு வருகிறது என்றால் முதலில் முள்ளுக்கம்பி வரும். பிறகு நேவியின் காவல் சென்றி வரும். அதற்குப் பிறகு உங்கள் வீட்டுக்குப் போக நீங்களே அடையாள அட்டை காட்ட வேண்டும். இதே ஒழுங்கையில் இருந்துகொண்டு, இத்தனை வருடமாகச் சொற்களைத் தெரிந்தெடுத்துப் பிழைத்த நான், அதே சொல்லைத் தெரிந்தெடுத்துக் கேற்றில் ஒட்டியிருக்கிறேன்.

எதிர்வீட்டுப் புஸ்பம் அதற்குள் பெட்டி பூட்டிய ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைப் பிடித்துவிட்டாள். அலுமாரி ஏறிவிட்டது. இரண்டு கதிரையும் ஏறிவிட்டன.

"எங்கை போறாய் புஸ்பம்?"

"உப்புவெளிக்கு, தங்கச்சி வீட்டை. போனமுறை கடைசியாப் போய்த்தான் குளிர்சாதனப் பெட்டியை விட்டிட்டு ஓடினது. இந்தமுறை முதல் ஆள் நான்."

"இது அந்தப் பாதுகாப்பு இல்லை, பிள்ளை."

"அப்ப எந்தப் பாதுகாப்பு?"

"தொல்பொருள்."

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது. புஸ்பம் அலுமாரியிலிருந்து கையை எடுத்தாள்.

"தொல்பொருளோ? அப்ப தோண்டுவினம். நேற்றுத்தான் மலசலகூடக் குழியை மூடினனான்."

தோண்டுகிறார்கள் என்ற கதை ஒழுங்கை முழுக்கப் போக ஐந்து நிமிடம் எடுத்தது. கடைசி வீட்டில் அது புதையலாகியிருந்தது. அங்கிருந்து ஒருவர் மண்வெட்டியோடு வந்து, எங்கே தோண்டுகிறார்கள் என்று என்னிடமே கேட்டார்.

கையெழுத்துத் தாளைப் பார்த்தேன். வெறுமையாக இருந்தது.

அப்போதுதான் றொசலின் அக்கா கேற்றுக்கு வந்தார். சனங்களைப் பார்த்தார். லான்ட்மாஸ்டரைப் பார்த்தார். பிறகு அறிவித்தலை வாசித்தார்.

"தங்கச்சி, எனக்கும் சொல்லாமல் என்ட வீட்டை நேவிக்கு எழுதிக் குடுத்திட்டீரோ?"

"அக்கா, நீங்கள் சொல்லித்தானே எழுதினனான்."

"நான் வீட்டைக் காப்பாத்தச் சொன்னனான். இதை வாசிச்சா எனக்கே சாமான் கட்டவேணும் போலக் கிடக்கு. இப்பிடியெண்டா நானும் கையெழுத்து வைக்கமாட்டன்."

விண்ணப்பக்காரியே விண்ணப்பத்துக்கு எதிர். நாளைக்கு அதிகாரி. நாளன்றைக்கு அண்ணன்.

சலீம்தான் இரங்கினார். அவருடைய மகள் நுஸ்ராவுக்கு ஒன்பது வயது. கண்ணாடி இல்லாதவர்களுக்கெல்லாம் என் அறிவித்தலைச் சத்தமாக வாசித்துக் காட்டி, கலவரத்தைப் பெருப்பித்தது அவள்தான்.

"அக்கா, நீங்க சின்னப் பிள்ளையளுக்கு எழுதுற ஆள்தானே. இவளுக்கு விளங்கிற மாதிரி எழுதுங்கோ. இவளுக்கு விளங்கினா நான் கையெழுத்துப் போடுறன்."

மற்றவர்களும் ஓம் என்றார்கள். இது என் தொழில். பேனையை எடுத்தேன். "காலத்தின் சாட்சியாய்த் துறைமுகக் காற்றில் நிமிர்ந்து நிற்கும் இம்மனை இனி என்றும் பேணப்படும்."

நுஸ்ரா வாசித்தாள். "மனை எண்டா என்ன?"

"வீடு."

"வீடு எண்டே எழுதலாமே. பேணி எண்டா ரின்பால் வாற பேணியோ?"

"பேணி இல்லையம்மா. பேணப்படும்."

"ஆரு பேணுவாங்க?"

அந்த வசனத்தில் எழுவாயைத் தேடினேன். இல்லை.

"தாங்கோ பேனையை" என்றார் சலீம். சட்டை அளவு எழுதுகிற துண்டுத் தாளில் எழுதினார். "றொசலின் அக்காட வீட்டை இனி ஒருத்தரும் உடைக்க ஏலாது. வேற ஒருத்தர்ட காணியையும் தொடமாட்டாங்க. தோண்டமாட்டாங்க."

"ரெண்டிலை நீயே ஒண்டை எடுத்து ஒட்டு, பிள்ளை. நீ ஒட்டிறதிலைதான் நாங்கள் கையெழுத்து வைப்பம்" என்று நுஸ்ராவிடம் சொன்னார் றொசலின் அக்கா.

ஐந்து கேட்ட இடத்தில் பதினொரு கையெழுத்து விழுந்தது. அதில் முதலாவது றொசலின் அக்காவுடையது. மண்வெட்டிக்காரரும் வைத்தார், கொஞ்சம் மனவருத்தத்தோடு. புஸ்பம் அலுமாரியை இறக்கிவைத்துவிட்டு வந்து வைத்தாள். வெள்ளிக்கிழமை வந்த அதிகாரி கேற்றில் இருந்ததை இரண்டு தரம் வாசித்து, படம் எடுத்துக் கோப்பில் வைத்துக்கொண்டார். சனிக்கிழமை அண்ணன் கூட்டிவந்தவரும் அதை வாசித்தார். அவர் வாகனத்தை விட்டு இறங்கவே இல்லை.

எந்தத் தாள் என்று கேட்பீர்கள்.

நுஸ்ரா இரண்டையும் ஒரு தரம் வாசித்தாள். வாப்பா எழுதியதை எடுத்து ஒட்டினாள்.