ஒரு குடும்பத்துக்கு ஒன்று மட்டும்

மனிதர்களில் கூப்பன்காரர் என்றோர் இனம் உண்டு. வேலையிலிருந்து ஓய்வு பெறும் நாள்வரை இவரை நீங்கள் அடையாளம் காணவே முடியாது. பிரிவு உபசாரம், கைக்கடிகாரம், நாலு பேர் பேச்சு எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்து, முதல் வாரம் தூங்கி, இரண்டாம் வாரம் மின்விசிறியைத் துடைத்து, மூன்றாம் வாரம் சமையலறைக்குள் நுழைந்து டப்பா அடுக்குவதற்கு யோசனை சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டு, போக்கிடம் இல்லாமல் ஒருநாள் காலை செய்தித்தாளைப் பிரிக்கிறார் பாருங்கள், அப்போது அதற்குள்ளிருந்து ஒரு வண்ணச் சீட்டு அவர் மடியில் விழும். சலவைத்தூள், இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம். அவ்வளவுதான். மறுபிறவி எடுத்துவிட்டார்.

இந்த இனத்தார் செய்தித்தாளைப் படிப்பதில்லை; உதறுவார்கள். மாதக் கடைசி மற்றவர்களுக்குக் கையைக் கடிக்கும். இவர்களுக்குக் கூப்பன் காலாவதியாகும். "எவ்வளவு செலவாச்சு?" என்று கேட்டால் காது கேட்காது. "எவ்வளவு மிச்சமாச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்வார்கள். நாயே இல்லாத வீட்டில் நாய் பிஸ்கட் இருக்குமா? இருக்கும். பாதி விலை.

எங்கள் குடியிருப்பில் இரண்டாம் மாடியில் இப்படி ஒருவர். தபால் பிரிக்கும் பகுதியில் முப்பத்தாறு வருடம் மேற்பார்வையாளர். சொந்தப் பெயர் வாசல் கதவில் எழுதியிருக்கிறது, யாரும் படிப்பதில்லை. எல்லோருக்கும் அவர் கூப்பன் சார். தபால் பிரித்த கை சும்மா இருக்குமா? பழைய அலமாரி ஒன்றுக்கு அட்டைத் தடுப்பு வைத்து முப்பத்தோரு அறை செய்து, எந்தக் கூப்பனுக்கு எந்தத் தேதியில் ஆயுள் முடிகிறதோ அந்த அறையில் போட்டு வைத்தார். கட்டிலுக்கடியில் பதினேழு பற்பசை சேர்ந்தது. வெளியூரிலிருந்து வந்த மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பா, உங்க ரெண்டு பேருக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை பல்லு இருக்கு?" என்று கேட்டாள். அவர் கோபப்படவில்லை. "விலை ஏறும்போது தெரியும்" என்றார்.

அவர் மனைவி தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். பெரிய பெரிய டாக்டர்களையே கை கழுவச் சொல்லித் திருப்பி அனுப்பியவர். வீட்டுக்காரரை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. "ஆபீஸ் இல்லாம தவிச்ச மனுஷன். ஏதோ ஒண்ணுல புத்தி நிக்குதே, நிக்கட்டும்" என்று மகளிடம் சொன்னார். அந்த வாரம் வீட்டில் என்ன சமையல் என்பதைக் கூப்பன் தீர்மானித்தது. அதையும் சகித்துக்கொண்டார்.

சிக்கல் வந்தது கூப்பனின் அடியில், எறும்பு எழுதியதுபோல் அச்சடித்திருந்த ஒரு வரியால். 'ஒரு குடும்பத்துக்கு ஒன்று மட்டும்.'

சாமானியர் இதைப் படித்தால் ஒன்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். கூப்பன் சார் இரண்டு நாள் யோசித்தார்.

"குடும்பம்னா என்ன? சேர்ந்து நின்னாதானே குடும்பம்?" என்றார் மனைவியிடம். "நீ ஒரு வரிசை, நான் ஒரு வரிசை. நீ யாரோ, நான் யாரோ. கண் ஜாடை கூடாது. சிரிக்கக் கூடாது. முக்கியமா, 'ஏங்க'ன்னு கூப்பிடவே கூடாது."

இப்படியாக ஒவ்வொரு புதன்கிழமையும் முப்பத்தெட்டு வருடத் தாம்பத்தியம் கடை வாசலில் கழற்றி வைக்கப்பட்டது. அம்மா முன்னால் போவார். ஐந்து நிமிடம் கழித்து ஐயா நுழைவார். ஒருநாள் சோப்பு அடுக்கியிருந்த இடத்தில் இருவரும் நேருக்கு நேர் வந்துவிட, அவர் ஒதுங்கி நின்று "போங்க மேடம்" என்றார். அந்த அம்மா வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒரு வருடம் ஆனபோது சிரிப்பது நின்றிருந்தது. கூப்பன் சார் கவனிக்கவில்லை. கவனிக்க முப்பத்தோரு அறை இருந்ததே!

ஒரு மாதக் கடைசி, புதன்கிழமை. ஐந்து லிட்டர் சமையல் எண்ணெய், பாதி விலை, அன்றோடு சரி. மூன்று வாரமாகக் காத்திருந்த கூப்பன். காலையில் மனைவி, "என்னமோ தலை சுத்துற மாதிரி இருக்கு. ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பலாமா?" என்று கேட்டார்.

"வந்து சாப்பிட்டுக்கலாம். கூட்டம் சேர்ந்துடும்."

கூட்டம் சேர்ந்துதான் இருந்தது. அம்மா முதல் வரிசை, ஐயா மூன்றாம் வரிசை. முக்கால் மணி நேரம். கடைசியில் ஐயாவுக்கு முன்னால் ஒரே ஒருவர் மிச்சம். அப்போது முதல் வரிசையில் எண்ணெய் கேன் ஒன்று தொப்பென்று விழுந்தது. பின்னாலேயே அந்த அம்மாவும் தரையில் சரிந்து உட்கார்ந்து, ஒருபக்கமாகச் சாய்ந்தார்.

பில் போடும் பெண் எழுந்து நின்று கத்தினாள்: "இந்த அம்மாகூட யாராவது வந்திருக்கீங்களா?"

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

"யாருமே வரலையா?"

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பாய்ந்து ஓடினார் என்றா? ஓடவில்லை. பொல்லாத மனிதர் என்று நினைக்காதீர்கள்; பழக்கம். ஒரு வருடம் பழகிய கால் நின்ற இடத்திலேயே நின்றது. பின்னால் நின்றவர் அவர் தோளைத் தொட்டு, "பாவம் சார். வயசான காலத்துல இப்படித் தனியா அனுப்பிட்டு, புருஷன்காரன் வீட்ல காலை நீட்டி உட்கார்ந்திருப்பான்" என்றார்.

"ஆமாங்க" என்றார் கூப்பன் சார்.

சொன்ன பிறகுதான் அது அவர் காதில் விழுந்தது.

கேனைப் போட்டார். "நகருங்க! என் சம்சாரம்! நகருங்க, அது என் சம்சாரம்!" கடை முழுக்கக் கேட்கிற குரல். முப்பத்தாறு வருடத்தில் தபால் மூட்டை காணாமல் போனபோதுகூட அப்படிக் கத்தியதில்லை என்பார்கள். தரையில் உட்கார்ந்து மனைவியின் தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். கையிலிருந்த கூப்பனால் விசிறினார்; வேறு எதுவும் கையில் இல்லை.

அந்த அம்மா கண்ணைத் திறந்து, "ஏங்க" என்றார். பிறகு பயந்துபோய்ச் சுற்றுமுற்றும் பார்த்து, மெதுவாகக் கேட்டார்: "கூப்பிட்டிருக்கக் கூடாதோ?"

அவர் மனைவியின் தலையை மெல்ல இறக்கி வைத்துவிட்டு எழுந்து போய்க் குளிர்பெட்டியிலிருந்து ஒரு பழச்சாறு எடுத்து வந்தார். பில் போடும் பெண் வழக்கம்போல், "கூப்பன் இருக்கா சார்?" என்றாள். பழச்சாற்றுக்கும் ஒன்று சட்டைப் பையில் இருந்தது. இல்லை என்றார்.

சர்க்கரை இறங்கியிருக்கிறது, வெறும் வயிற்றோடு நிற்க வைக்காதீர்கள் என்று பக்கத்து ஆஸ்பத்திரி டாக்டர் திட்டி அனுப்பினார். வாடகைக் காரில் வீடு திரும்பும்போது மனைவி கேட்டார்: "எவ்வளவு நேரம் யோசிச்சீங்க?"

"யோசிக்கவே இல்லையே. உடனே வந்தேனே!"

"நான் நர்ஸுங்க. மயக்கத்துலயும் எண்ணுவேன். இருபத்திரண்டு செகண்ட்."

அதற்குமேல் அந்த அம்மா அதைப் பற்றிப் பேசவில்லை. அந்த 'ஆமாங்க'வை அவரும் மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை. மாடிப்படியில் வைத்து என்னிடம்தான் சொன்னார். நான் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

திருந்திவிட்டாரா என்று கேட்பீர்கள். பிறவிக் குணம் அப்படி லேசில் போகுமா? இப்போதும் கூப்பன் வெட்டுகிறார். ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அந்த அம்மா தேவையே இல்லாத இடத்தில் எல்லாம், "ஏங்க, உப்பு எடுத்தீங்களா? ஏங்க, பை எங்க?" என்று பக்கத்துத் தெருவுக்குக் கேட்கக் கூப்பிடுகிறார். ஒவ்வொரு முறையும் அவர், "இதோ, இங்கதான் இருக்கேன்" என்கிறார். உப்புக்கு அது பதில் இல்லை. இருந்தாலும் அந்த அம்மா திருப்தியாகத் தலையாட்டுகிறார்.

நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. சிரியுங்கள். அனுப்பும் செலவு மிச்சம் என்று வேண்டாத தலையணை உறையையும் சேர்த்துத் தருவித்தது யார் என்று நான் கேட்கப் போவதில்லை. மச்சினியின் போன் நம்பரைப் போட்டு மறுபடியும் 'புது வாடிக்கையாளர்' ஆனது யார் என்றும் கேட்கப் போவதில்லை. இந்தப் புத்தகத்தில் படித்த பக்கத்துக்கு அடையாளமாக ஒரு துண்டுச் சீட்டு வைத்திருக்கிறீர்களே, அதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொல்ல வந்தேன்.

அதைத் திருப்பிக் கடைசித் தேதி பார்க்கச் சொல்லி நான் சொல்லவில்லையே. நீங்களாகத்தான் பார்க்கிறீர்கள்.