இரவல் போன மனுசன்

ஈகை ஒன்று, "இல்லை" என்று சொல்ல வாய் வராமை இன்னொன்று. திருகோணமலையில் துறைமுகத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் குடியிருந்த இராகுலன் இரண்டாவதை வளர்த்துக்கொண்டு, அதற்கு முதலாவதின் பெயரைச் சூட்டியிருந்தான். அவனுடைய ஏணி இரவல் போய்ப் படி குறைந்து வந்தது. மண்வெட்டி பிடியில்லாமல் வந்தது. குடை வரவேயில்லை, மழை நாட்களில் அது தன் வீட்டைக் கடந்து போவதை அவன் நனைந்தபடி நின்று பார்த்திருக்கிறான்.

புது மோட்டார் சைக்கிள் வீட்டுக்கு வந்த அன்று சபதம் எடுத்தான். இதை மட்டும் எவனுக்கும் இரவல் கொடுப்பதில்லை! ஆனால் சிநேகிதமும் முறியக்கூடாது. அதற்கென்று ஒரு தந்திரமும் யோசித்து வைத்திருந்தான்.

அடுத்த நாளே, சின்ன வயதுச் சிநேகிதன் சின்னராசா படலையைத் திறந்தான்.

"மச்சான், புல்மோட்டைக்குக் கருவாடு எடுக்கப் போகோணும். உன்ர மோட்டச்சைக்கிளை ஒருக்காத் தாவன்."

சின்னராசா மோட்டார் சைக்கிள் ஓடினால் தெருவில் படுத்திருக்கும் மாடுகளே எழும்பி வேலி பாயும்.

"எனக்கு முழுச் சம்மதமடா," என்று இராகுலன் குரலைத் தாழ்த்தினான். "மனுசிதான் விடமாட்டாள். அவளைத் தெரியும்தானே? சரியான கசவாரம், ஒரு சாமானும் கையை விட்டுப் போக விடாள்."

மனைவி கஜந்தி குசினி யன்னலருகே மீன் கழுவிக்கொண்டிருந்தாள். உரத்த குரல் அவளுக்குச் சிலவேளை கேட்காது. தாழ்த்திய குரல் தப்பாது. கையைத் துடைத்து, ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"சின்னராசா அண்ணை, நான் விடமாட்டன் எண்டு ஆர் சொன்னது? இந்தாங்கோ திறப்பு!"

இராகுலன் திறப்பை எட்டிப் பிடிக்கப் பார்த்தான். "இஞ்சரப்பா..."

"நீங்கள் சும்மா இருங்கோ. உங்களுக்குத்தான் முழுச் சம்மதமெல்லோ? ஆனா அண்ணை, புதுச் சாமான். தனியத் தர ஏலாது. இவரோட சேர்த்துத்தான் தருவன். இவர் ஓடட்டும், நீங்கள் பின்னால இருங்கோ."

"இவனையுமோ?"

"ஓம். பின்னேரம் ரெண்டையும் பத்திரமாக் கொண்டுவந்து விட்டிடுங்கோ."

போகும்போது முன்னால் வெயில், பின்னால் சின்னராசாவின் ஓயாத கதை. வரும்போது இரண்டுக்கும் நடுவில் கருவாட்டு மூட்டை.

பின்னேரம் கஜந்தி மோட்டார் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. சிநேகிதமும் பிழைத்தது. கருகிப்போய் முதுகு வளைந்து நின்றவனை அதற்குப் பிறகுதான் பார்த்தாள்.

"கையில என்ன பார்சல்?"

"கருவாடு. இரவல் வாங்கின சாமானை வெறுமையாத் திருப்பி அனுப்பக்கூடாதாம்."

அந்த ஒழுங்கையில் அப்படித்தான் வழக்கம். சட்டி இரவல் வாங்கினால் ஒரு பிடி சீனியாவது போட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்கள். இராகுலன் இப்போது சட்டியின் நிலையில் இருந்தான்.

அடுத்த நாள் காலை பக்கத்து வீட்டு ஸல்ஹா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"கஜந்தி அக்கா! பெருநாளைக்குத் தேங்காய் உரிக்க ஆளில்லாமக் கிடக்கு. அண்ணனை ஒருக்கா இரவல் தருவீங்களா?"

வாழ்நாளில் முதல் தடவையாக "இல்லை" என்ற சொல் இராகுலனின் நுனிநாக்கு வரைக்கும் வந்துவிட்டது.

"அதுக்கென்ன ஸல்ஹா, கொண்டு போங்கோ!" என்றாள் கஜந்தி. பிறகு அவன் கையில் ஒரு பையைத் திணித்தாள்.

"திரும்பி வரேக்க வெறுமையா வராதேங்கோ. கருவாட்டுக் குழம்புக்குத் தேங்காய் இல்லை."