புரிஞ்சுதுக்காரர்

புரிஞ்சுதுக்காரர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். இது சாப்பாட்டுக்கு முன்னால், இது பின்னால், இது காய்ச்சல் வந்தால் மட்டும் என்று டாக்டர் சொல்லி முடிப்பதற்குள் "புரிஞ்சுது டாக்டர்" என்று எழுந்து வந்து, வெளியே மருந்துக் கடையில் "இதுல எது எப்பங்க?" என்று கேட்பாரே, அவர்தான். "ரெண்டாவது லெஃப்ட், அப்புறம் ஒரு ரைட், அங்க ஒரு பெட்ரோல் பங்க்" என்று வழி சொல்கிறவருக்கு ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு தலையாட்டல் கொடுத்து, நன்றியும் சொல்லிவிட்டு, அடுத்த முனையில் நின்று இன்னொருவரிடம் அதே வழியைக் கேட்பவரும் அவரே. முட்டாளா என்றால் இல்லை. பொய்யரா? அதுவும் இல்லை. எதிரே இருப்பவர் மனம் நோகக் கூடாது, நாமும் சீக்கிரம் வீடு போய்ச் சேர வேண்டும். இந்த இரண்டு நல்லெண்ணங்களுக்கும் பிறந்த பிள்ளைதான் அந்தப் "புரிஞ்சுது".

இந்த இனத்தின் லட்சணம் அத்தனையும் பொருந்திய நம் ஆள், தொழிலில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். வேடிக்கை என்னவென்றால், பகல் முழுவதும் அவரே மற்றவர்களின் "புரிஞ்சுது"க்கு இரையாகிறவர். "சூடா எதையும் உள்ள வைக்காதீங்க, பின்பக்கம் செவத்தோட ஒட்டி நிறுத்தாதீங்க" என்பார். "புரிஞ்சுதுங்க" என்பார்கள். அடுத்த மாதம் அதே வீட்டிலிருந்து ஃபோன் வரும். போய்ப் பார்த்தால் ஃப்ரிட்ஜ் சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும், உள்ளே ஆவி பறக்கும் பாத்திரம் இருக்கும். "தலையை மட்டும் நல்லா ஆட்டுறாங்க" என்று வீட்டுக்கு வந்து புலம்புவார். புலம்பி முடித்து, முகம் கழுவி, தலையை ஆட்ட உட்கார்ந்துவிடுவார்.

எதற்கு ஆட்ட வேண்டும் என்கிறீர்களா? அவர் மனைவிக்காக. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் அந்த அம்மாவுக்கு, முகங்களுக்கு ஃப்ரேம் பொருத்திப் பார்த்தது போதும், ஒரு வகுப்பறையில் போய் நிற்க வேண்டும் என்று தீராத ஆசை. பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பயிற்சிப் படிப்புக்கு எழுத்துத் தேர்வு ஒன்று உண்டு; அதில் தேறிவிட்டார். மிச்சம் இருப்பது மூன்று பேராசிரியர்களுக்கு முன்னால் பத்து நிமிஷம் ஒரு மாதிரி வகுப்பு. போன வருஷமும் இதே வாசல் வரை போனவர்தான். "பாடம் உங்களுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. ஆனா யாருக்காக எடுத்தீங்கன்னுதான் எங்களுக்குத் தெரியலை" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவரும் கணவரும் ஒரு வாரம் யோசித்தார்கள். அடுத்த வருஷம் வயது வரம்பைத் தாண்டிவிடுவார். இந்தத் தடவை விட்டால் கதவு சாத்திக்கொள்ளும்.

ஆகவே வீட்டின் கூடம் வகுப்பறை ஆயிற்று. பாடம்: நிலா ஏன் வளர்கிறது, தேய்கிறது. மேசை விளக்கு சூரியன். ஒரு ரப்பர் பந்து நிலா. பூமி? நம் ஆளின் தலைதான் பூமி. ஸ்டூலில் அசையாமல் உட்கார வேண்டும். மனைவி பந்தைப் பிடித்துக்கொண்டு அந்தத் தலையைச் சுற்றிச் சுற்றி வந்து, "குழந்தைகளே, இப்போது கவனியுங்கள்" என்று கணீரென்று ஆரம்பிப்பார். ஓரமாகக் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் மாமியாரும் அந்தக் குழந்தைகளில் அடக்கம். அவர் இந்த இனத்திலேயே மூத்த கிளை; விளக்கைப் போட்டவுடனேயே "எனக்கு எல்லாம் புரிஞ்சுதும்மா" என்று சொல்லிவிட்டுக் காய்க்குத் திரும்பிவிடுவார்.

அவர் மகனான நம் ஆளின் தலையாட்டலில் கொஞ்சம் நாகரிகம் உண்டு. உடனே ஆட்ட மாட்டார். முதலில் புருவத்தைச் சுருக்குவார், யோசிப்பது தெரிய வேண்டாமா? பிறகு "ஓ...ஹோ" என்று இழுப்பார். பிறகு மனைவி சொன்னதன் கடைசி வார்த்தையை மட்டும் திருப்பிச் சொல்லி, அதன் மேல் ஒரு தலையாட்டலை வைப்பார். "அதனாலதான் வளர்பிறைன்னு சொல்றோம், புரிஞ்சுதா?" "வளர்பிறை! புரிஞ்சுது, புரிஞ்சுது." இடையில் அவர் நினைப்பு எங்கே இருக்கும்? நாளைக்கு மாற்ற வேண்டிய ஒரு கம்ப்ரஸரில் இருக்கும். மனைவியோ அந்தத் தலை ஆடும் அழகைப் பார்த்து, பாடம் போய்ச் சேர்ந்துவிட்டது என்று முகம் மலர்வார். அந்த மலர்ச்சிக்காக எத்தனை முறை வேண்டுமானாலும் ஆட்டலாமே என்றுதான் அவருக்குத் தோன்றும். அன்பு இல்லாமல் யாரும் இவ்வளவு ஆட்ட மாட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

மாதிரி வகுப்புக்கு முந்தின நாள் வந்தது. கண்ணாடிக் கடையிலிருந்து மனைவியை அழைத்துக்கொண்டு நடந்து வந்தார். சூரியன் தெருக்கோடியில் கட்டடங்களுக்குப் பின்னால் இறங்கிக்கொண்டிருந்தது. உச்சியில் பாதி நிலா. மனைவிக்கு உள்ளுக்குள் பாடம் ஓடுவது உதட்டில் தெரிந்தது. அவருக்குத் தைரியம் சொல்ல வேண்டும் என்று நம் ஆளுக்குப் பட்டது. ஒரு மாணவன் ஆசிரியருக்குச் செய்யக்கூடிய பெரிய மரியாதை என்ன? படித்ததைச் சொல்லிக்காட்டுவதுதானே? நிமிர்ந்து நிலாவைக் காட்டினார்.

"பாரேன், பூமியோட நெழல் விழுந்து சரியாப் பாதியை மறைச்சிருக்கு."

மனைவி நின்றுவிட்டார். பின்னால் வந்த சைக்கிள்காரர் திட்டிக்கொண்டே விலகிப் போனார்.

"என்ன சொன்னீங்க?"

"நெழல்... நம்ம பூமியோட..."

"நிழல் இல்லைன்னுதானேங்க நான் பாடமே எடுக்கிறேன்! முதல் வரியே அதுதானே! அப்ப இவ்வளவு நாளும்?"

"புரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு."

"போன வருஷமும்?"

இந்தக் கேள்விக்கும் அவர் தலையை ஆட்டினார். அவர் வாழ்நாளில் ஆட்டிய முதல் உண்மையான தலையாட்டல் அது.

"போன வருஷமும் இந்தத் தலையை நம்பித்தாங்க போய் நின்னேன்" என்றார் மனைவி. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை, மெதுவாகச் சொன்னார். நம் ஆளுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. சுவரோடு ஒட்டிய ஃப்ரிட்ஜ்கள் எல்லாம் ஒரு தடவை கண்ணுக்குள் வந்து போயின. நாளைக்கு நான் போகவே போவதில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாகவும் இருந்தது. இந்த இனத்தார் உயிரே போனாலும் சொல்லாத ஒரு வார்த்தையை அவர் சொல்லிவிட்டார்.

"எனக்குப் புரியலை. இப்பச் சொல்லிக்குடு."

"குழந்தைகளே" என்று மனைவிக்கு வாய் பழக்கத்தில் திறந்தது. மூடிக்கொண்டார். கணவரின் முகத்தை, ஃப்ரேம் பொருத்துவதற்கு முன்னால் பார்ப்பதைப் போல, கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சூரியன் எங்க இருக்கு?"

"அதோ, தெருக்கோடியில."

"அப்ப நம்ம பூமியோட நிழல் எந்தப் பக்கம் போகும்?"

"அதுக்கு எதிர்ப்பக்கம். நமக்குப் பின்னால."

"நிலா எங்க இருக்கு?"

அவர் அண்ணாந்து பார்த்தார். பின்னால் திரும்பிப் பார்த்தார். மறுபடி அண்ணாந்தார்.

"அட, நெழல் அந்தப் பக்கம் போகுது, நெலா தலைக்கு மேல நிக்குதே! அப்ப எப்படி மறைக்கும்?"

மனைவி பதில் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை.

"இரு, இரு" என்றார் நம் ஆள். "வெளிச்சமா இருக்கிற பாதி, சூரியன் பக்கம் பார்த்துல்ல இருக்கு? அது வெயில் அடிக்கிற பக்கம். நாம பக்கவாட்டுல இருந்து பாக்குறோம், அதனால பாதிதான் தெரியுது. அது சுத்தி வர வர கூடக் கொறையத் தெரியும். இதுதானா? இதுக்கா என் தலையை இத்தனை நாள் சுத்துன?"

மறுநாள் பல்கலைக்கழகத்தின் நீளத் தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சின் நுனியில் அவர் உட்கார்ந்திருந்தார். கதவு திறந்து மனைவி வந்தார். முகத்தில் சிரிப்பும் படபடப்பும் கலந்திருந்தன.

"நடுவுல இருந்தவர் நான் எடுக்க எடுக்கப் புருவத்தைச் சுருக்கினாருங்க. அப்புறம் 'ஓஹோ'ன்னாரு. கடைசி வார்த்தையைத் திருப்பிச் சொல்லித் தலையாட்டினாரு. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. அசல் உங்க தலையாட்டல்!"

"ஐயையோ. நீ என்ன பண்ணின?"

"விடலை. 'நல்லது ஐயா, இப்ப நீங்க ஒரு தடவை எனக்குச் சொல்லுங்க'ன்னேன்."

"சொன்னாரா?"

"பூமியோட நிழல்னு ஆரம்பிச்சாரு. பக்கத்துல இருந்த அம்மா குனிஞ்சு சிரிச்சாங்க. மறுபடி சூரியன் எங்கன்னு கேட்டு முதல்லேருந்து வந்தேன். அவர் எனக்காக நடிச்சாரா, நெஜமாவே தெரியாதான்னு இன்னும் எனக்குத் தெரியலை."

நடிப்போ நிஜமோ, சேர்க்கைப் பட்டியலில் அந்த அம்மாவின் பெயர் வந்துவிட்டது. "எனக்குத்தான் அப்பவே எல்லாம் புரிஞ்சுதே" என்றார் மாமியார். நம் ஆளுக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஆனால் அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் சும்மா தலையாட்டிவிட்டுத் தப்ப முடிவதில்லை. தண்ணீர் மோட்டாரை எப்போது நிறுத்த வேண்டும் என்பதைக்கூடத் திருப்பிச் சொல்லித்தான் ஆக வேண்டும். படிப்பு முடியும் வரை இதே கதிதான் என்று நினைக்கும்போது அவருக்கு அந்த ஸ்டூல் காலமே சுகமாகத் தோன்றுகிறதாம்.

ஆகவே, இந்த இனத்தாரைக் கண்டால் சிரித்துவிட்டுப் போங்கள். நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, தெரியும். தெருவில் நடந்த அந்தப் பாடத்தைப் படிக்கும்போதுகூட ஒவ்வொரு வரிக்கும் சரியாகத் தலையாட்டிக்கொண்டுதான் வந்தீர்கள். சரி, பௌர்ணமி நிலா கீழ்வானத்தில் முழுசாக எழும்பி வருகிறதே, அந்த நேரத்தில் சூரியன் எங்கே இருக்கும்?

புருவத்தைச் சுருக்க வேண்டாம். வாயைத் திறந்து சொல்லுங்கள்.